எட்டு டாலர் இழைப்புளி

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். டீ கொதித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தம்பி வந்தான். விருதுநகர்ப் பக்கத்துப் பையன். இங்கே பென்சில்வேனியாவுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, விடிகாலையில் ஒரு கராஜ் சேலுக்குப் போய் வாங்கிவந்த மூன்று சாமான்களைப் பரப்பி வைத்திருந்தேன். துருவேறிச் செங்கல் நிறமாகிப்போன இரும்பு இழைப்புளி ஒன்று. கைப்பிடியில் வெள்ளைப் பெயின்ட் சொட்டிக் காய்ந்த ரம்பம் ஒன்று. ஒரு காபி டப்பா நிறையத் துரப்பண அலகுகள். மூன்றும் சேர்த்து 19 டாலர்.

"என்னண்ணா, ஊர்ல இதையெல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுருவாங்களே" என்றான்.

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. புரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால் ஒரு டம்ளர் டீயை அவன் கையில் கொடுத்து உட்கார வைத்து, இழைப்புளியை அவன் பக்கம் தள்ளினேன். பன்னிரண்டு மணிவரை பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் பலர், வீட்டுப் பழஞ்சாமான்களை வாசலில் பரப்பி விற்கும் கராஜ் சேலுக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு சைக்கிள், நாற்காலி என்று வாங்கிக்கொண்டு, சுவரோரம் கிடக்கும் இந்த இரும்பைத் தாண்டி வந்துவிடுகிறார்கள். ஒருமுறை குனிந்து எடுத்துப் பார்க்கலாம்.

இந்த இரும்பு எப்படி கராஜ் சேலுக்கு வந்தது என்பதிலிருந்து தொடங்கினேன். இந்த ஊர்களில் பழைய வீடு என்றால் அடியில் ஒரு நிலவறை இருக்கும். நிலவறையில் ஒரு பட்டறை மேசை இருக்கும். கதவு உரசினால் சீவுவது, படிக்கட்டுப் பலகையை மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரரே செய்துகொண்ட காலம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கையில் பிடிக்கும் மின்ரம்பமும் மின்துரப்பணமும் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. கைக்கருவிகள் மாட்டிய ஆணியிலேயே தங்கிவிட்டன. நிலவறையின் ஈரம் அவற்றைப் பிடித்தது. பெரியவர் காலமாகி, பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து வீட்டை ஒழிக்கும்போது, முதலில் வெளியே வருவது சோபாவும் பீங்கானும். கடைசியில் வருவது இந்தப் பெட்டி. விலை எவ்வளவு சொல்வது என்று அவர்களுக்கும் தெரியாது. ஐந்து டாலர், எட்டு டாலர் என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுகிறார்கள்.

இப்படி ஒழித்துப்போட்ட குவியலைப் பார்த்து ஒருவர் வாழ்க்கையே திசைமாறியது. எங்கள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரத்தில்தான் டாய்ல்ஸ்டவுன் இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ஹென்றி சாப்மன் மெர்சர். பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தொல்லியல் காப்பாளராக இருந்தவர். 1897இல், பழைய அடுப்பங்கரைக்கு ஒரு இடுக்கி தேடி, பழஞ்சாமான் விற்கும் ஓர் இடத்துக்குப் போனார். அங்கே கலப்பை, வாச்சி, நூற்புச் சக்கரம் என்று குவிந்து கிடந்தது. மண்ணைத் தோண்டி எடுக்கும் பழைய கருவிகளைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு, கண்முன்னே குப்பைக்குப் போய்க்கொண்டிருப்பதும் அதே வரலாறுதான் என்று பட்டது. அன்று முதல் வாங்கிச் சேர்த்தார். 1916இல் முழுக்கக் கான்கிரீட்டால் ஓர் அருங்காட்சியகமே கட்டினார். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால் திமிங்கில வேட்டைப் படகும் குதிரை வண்டியும் கூரையிலிருந்து தொங்குகின்றன. தச்சுக் கருவிகளைப் பற்றி அவர் 1929இல் வெளியிட்ட புத்தகத்தை இந்தத் துறையில் இன்றும் புரட்டுகிறார்கள். அடுத்த வருஷமே அவர் இறந்துபோனார்.

"அவர் மியூசியத்துக்குச் சேர்த்தாரு. நீங்க எதுக்குச் சேர்க்கிறீங்க?" என்றான் தம்பி. சரியான கேள்வி. நான் வேலை செய்வதற்காக வாங்குகிறேன். கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவர்களும் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு கருவியை எடைபோட, வாங்கும்போதே "இது மறுபடி மரத்தைச் சீவுமா?" என்று கேட்பதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியோடு பார்த்தால் துரு பெரிய விஷயமே இல்லை என்பது சீக்கிரம் விளங்கிவிடும். பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

இழைப்புளியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைக் காட்டினேன். நடுவே குறுக்காக ஒரு பிளவு. பிளேடின் விளிம்பு எட்டிப் பார்க்கும் இடம் அது; வாய் என்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது வாயின் நான்கு மூலைகளை. உடம்பு முழுக்க வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு வளையாது, விரிசல்தான் விடும். யாரோ எப்போதோ சிமென்ட் தரையில் கைநழுவ விட்டிருந்தால், விரிசல் வாயின் மூலையிலிருந்து பக்கச் சுவருக்கு மயிரிழையாக ஏறியிருக்கும். துருவுக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. நகத்தை வைத்து மெதுவாக இழுத்தால் தட்டுப்படும். சிலர் பித்தளை கொண்டு பற்றவைத்து ஒட்டியிருப்பார்கள். துருவுக்கு நடுவே மஞ்சளாக ஒரு கோடு ஓடினால் அதுதான்.

நான் பழகிய புதிதில், 22 அங்குல நீளமுள்ள ஏழாம் நம்பர் இழைப்புளி ஒன்றை 20 டாலர் கொடுத்து ஆசையாக வாங்கினேன். இரண்டு நாள் உட்கார்ந்து துருவெல்லாம் எடுத்துப் பளபளப்பாக்கிய பிறகுதான், இடப்பக்கச் சுவரில் கீழிருந்து மேல்வரை விரிசல் இருப்பதைக் கண்டேன். விற்ற அம்மாளுக்கும் அது தெரிந்திருக்காது. அவ்வளவு கனமான, அவ்வளவு அழகான பொருள் பயனில்லாமல் போனது எனக்கு நிஜமாகவே வலித்தது. அதன் பிளேடையும் திருகுகளையும் கழற்றி வைத்திருக்கிறேன். அவை இன்னும் இரண்டு இழைப்புளிகளுக்கு உதவின.

அடுத்து பிளேடு. கழற்றிப் புரட்டிப் பார்க்க வேண்டும். மேலோட்டமான துரு தோல் மாதிரி, உரித்துவிடலாம். ஆனால் துரு ஊறிப்போய் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தால், அதுவும் வெட்டும் விளிம்பை ஒட்டி, பிளேடின் தட்டையான பின்புறத்தில் இருந்தால், எவ்வளவு தீட்டினாலும் விளிம்பில் பல் விழும். சீவிய மரத்தில் கோடு கோடாகத் தெரியும். அந்த பிளேடை விட்டுவிட்டு உடம்பை மட்டும் வாங்கலாம். பழைய பிளேடுகள் பலவற்றில் ஒரு நுட்பம் உண்டு: முழுக்க ஒரே எஃகு கிடையாது. மெல்லிய கடின எஃகுத் தகடு ஒன்றை, மிருதுவான இரும்பின்மேல் காய்ச்சி அடித்து ஒட்டியிருப்பார்கள். விளிம்புக்கு மட்டும் கடினம், மற்ற இடத்துக்கு மிருது. அதனால் சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறுகிறது.

தம்பிக்கு இழைப்புளியின் அமைப்பு பிடித்துப்போனது. பின்பக்கம் இருந்த பித்தளைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தான். இந்தச் சக்கரம் வருவதற்கு முன்னால் இழைப்புளி என்பது அநேகமாக மரக்கட்டைதான்; பிளேடை ஆப்பு அடித்து இறுக்குவார்கள். எவ்வளவு நீட்டுவது என்பதைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் சரிபார்க்க வேண்டும். நம் ஊர் ஆசாரிகள் முன்தலையில் ஒரு தட்டு, பின்தலையில் ஒரு தட்டு தட்டி, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார்களே, அதே முறைதான். லெனார்ட் பெய்லி என்ற பாஸ்டன் தச்சர், சக்கரத்தைத் திருப்பினால் பிளேடு ஏறி இறங்கும்படி 1860களில் இதை வடிவமைத்தார். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ பிரிட்டனில் இருந்த ஸ்டான்லி கம்பெனி 1869இல் அவருடைய காப்புரிமைகளை வாங்கியது. அதற்குப் பிறகு அமெரிக்கத் தச்சர் கையில் அந்த வடிவம்தான். இன்றைக்குக் கடையில் வாங்கும் புதிய இழைப்புளியும் அநேகமாக அதன் வழிவந்ததே. ஒரு குறிப்பு: பித்தளைச் சக்கரத்தின் மரை இடஞ்சுழி. கழற்றத் தெரியாமல் எதிர்ப்பக்கமாக முறுக்கி உடைத்தவர்கள் உண்டு.

வயது கண்டுபிடிப்பது தனி சுகம். பிளேடு சாய்ந்து படுக்கும் இரும்புத் திண்டை இங்கே ஃப்ராக் என்பார்கள், தவளை. அதற்குப் பின்னால், உடம்பிலேயே வார்த்த சிறு எழுத்துகள் இருக்கின்றன. டூத்பிரஷ்ஷால் துருவைத் தேய்த்ததும் மூன்று வரிகள் தெரிந்தன: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. காப்புரிமைத் தேதிகள். ஸ்டான்லி இழைப்புளியில் இந்த மூன்று தேதிகளும் இருந்தால், ஏறக்குறைய 1910க்கும் 1918க்கும் இடையில் வார்த்தது. முன்குமிழ் குட்டையாக இருப்பதும் ஒத்துப்போகிறது. உயரமான குமிழ் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆனால் பிளேடில் உள்ள முத்திரையை மட்டும் பார்த்து வயது சொல்லக் கூடாது. பிளேடு தேய்ந்தால் மாற்றுவார்கள், ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் போடுவார்கள். உடம்பு சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

கைப்பிடியும் குமிழும் ரோஸ்வுட். அழுக்குக்கு அடியில் கருஞ்சிவப்பு வரி ஓடும். நம் ஈட்டி மரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஈட்டியும் இந்த பிரேசில் ரோஸ்வுட்டும் டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகம் 1992இல் அநேகமாக முற்றிலும் தடை செய்யப்பட்டது. எட்டு டாலர் கருவியின் கைப்பிடியில், இன்று காசு கொடுத்தாலும் எளிதில் வாங்க முடியாத மரம் இருக்கிறது. அதை உப்புத்தாள் போட்டு வழிக்கக் கூடாது. துணியில் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய் நனைத்துத் துடைத்தால் போதும். நூறு வருஷம் கைபட்டு ஏறிய மெருகு அப்படியே மேலே வரும்.

இரண்டாவது டீ போட்டேன். துரு எடுக்கும் பாடத்துக்கு வந்தோம்.

சிறிய சாமான் என்றால் வினிகரில் ஓர் இரவு ஊறப்போடலாம். மறந்துவிட்டால் அமிலம் நல்ல இரும்பையும் தின்னும். அதனால் எனக்குப் பிடித்தது மின்னாற்பகுப்பு. பள்ளிக்கூடத்தில் வேதியியல் வகுப்பில் பார்த்ததேதான். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. பழைய கார் பேட்டரி சார்ஜர் ஒன்று, 12 வோல்ட். எதிர்முனையைக் கருவியில் மாட்ட வேண்டும். நேர்முனையை ஏதாவது வீணான இரும்புத் துண்டில். இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தொடக் கூடாது. முனைகளை மாற்றி மாட்டினால் கருவிதான் கரையும், அதனால் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டே சுவிட்சைப் போடுவேன். போட்டதும் கருவியின் மேலெல்லாம் பொடிக் குமிழிகள் அரும்பும். அது ஹைட்ரஜன், நெருப்புப் பிடிக்கும். அதனால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும். வீணான இரும்பு என்றால் சாதாரண இரும்பு. எவர்சில்வர் கரண்டி, தட்டு எதையும் போடவே கூடாது. அதிலிருக்கும் குரோமியம் நச்சாகத் தண்ணீரில் கலந்துவிடும். மரப் பாகங்களையும் பித்தளையையும் முன்பே கழற்றிவிட வேண்டும். பழைய கருப்பு வார்னிஷ் கெட்டியாக ஒட்டியிருக்கும் உடம்பை இதில் போட்டால் அது உரிந்து வர வாய்ப்புண்டு, அந்த மாதிரிக்கு நான் சிட்ரிக் அமிலக் கரைசலோடு நிறுத்திக்கொள்வேன்.

ஏழெட்டு மணி நேரம் கழித்து எடுத்தால், சிவப்புத் துரு கருப்புச் சேறாக மாறியிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்தால் வழிந்து போகும். உடனே துடைத்து, வெயிலிலோ அடுப்பருகிலோ உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். பத்து நிமிஷம் சும்மா விட்டால், வெறும் இரும்பு கண்முன்னாலேயே மறுபடி சிவக்க ஆரம்பிக்கும்.

திருகுகளைத் தொலைத்துவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்டான்லி அன்று பயன்படுத்திய மரைகள் இன்றைய வன்பொருள் கடையில் கிடைக்கும் அளவுகள் அல்ல. கழற்றும்போதே ஒரு கிண்ணத்தில் போட்டு வைப்பது நல்லது.

சொல்லிக்கொண்டிருந்தால் விளங்காது என்று, போன மாதம் வாங்கிச் சரிசெய்த ஐந்தாம் நம்பர் இழைப்புளி ஒன்றை எடுத்து வந்தேன். 14 அங்குல நீளம், இரண்டு அங்குல பிளேடு. வாசல் பக்கம் மேசையில் ஒரு பைன் பலகையை இறுக்கினேன். பிளேடின்மேல் படுக்கும் மேல் இரும்பை, பிளேடின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தள்ளி வைத்து இறுக்கினேன்; சீவல் மேலே ஏறும்போது அது மடக்கிவிடுவதால்தான் மரம் பிய்ந்துகொண்டு வராது. முதலில் பிளேடை முழுக்க உள்ளே இழுத்துவிட்டு வெறும் உடம்பை மரத்தில் ஓட்டச் சொன்னேன். பிறகு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சக்கரத்தில் ஒரு சின்னத் திருப்பு. மூன்றாவது ஓட்டத்தில் தூசி மாதிரி ஏதோ வந்தது. நான்காவதில் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு நீண்ட ஓசை, பட்டுச் சேலையை உதறுகிற மாதிரி. வாய்க்குள்ளிருந்து ஒரு சுருள் எழுந்து அவன் மணிக்கட்டைச் சுற்றியது. எடுத்து மேசையிலிருந்த செய்தித்தாள்மேல் விரித்தான். அதன் வழியாக எழுத்தைப் படிக்க முடிந்தது. பிறகு பலகையைத் தடவினான். உப்புத்தாள் தேய்த்த மரத்தில் நுண்ணிய கீறல்கள் இருக்கும். பிளேடு சீவிய மரத்தில் நார் சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும், அதனால் வெளிச்சம் பட்டதும் மின்னும். அவன் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இருபது தடவை ஓட்டினான்.

ரம்பத்துக்கு வருகிறேன். இதன் கதை இன்னும் பக்கத்து ஊர்க் கதை. ஹென்றி டிஸ்டன் இங்கிலாந்தில் 1819இல் பிறந்தவர். 14 வயதில் அமெரிக்காவுக்கு வந்தார்; வந்த சில நாளில் தந்தை இறந்துவிட, ஃபிலடெல்ஃபியாவில் ரம்பம் செய்பவரிடம் தொழில் கற்றார். 1840இல் சொந்தப் பட்டறை. இங்கிலாந்து எஃகை நம்பியிராமல் 1855இல் தானே எஃகு உருக்கத் தொடங்கினார். 1870களில் டகோனி என்ற ஆற்றோரப் பகுதியில் ஆலையையும், தொழிலாளர்களுக்கென்று ஒரு குடியிருப்பையும் எழுப்பினார். அங்கே விற்ற வீட்டுமனைப் பத்திரங்களில் மதுக்கடை கூடாது என்று எழுதியிருந்தது. குடும்பத்தின் கையிலிருந்து கம்பெனி 1955இல் போய்விட்டது.

நான் வாங்கியது டி-8, 1874இல் அறிமுகமான வகை; முதுகு நேராக இல்லாமல் மெல்ல உள்வாங்கி வளைந்திருக்கும். கையில் எடுத்ததும், துப்பாக்கி குறிபார்ப்பது மாதிரி பல்வரிசை ஓரமாகக் கண்ணை ஓட்டிப் பார்த்தேன். வில் மாதிரி மெல்ல வளைந்திருந்தால் சரிசெய்யலாம். ஒரே இடத்தில் முழங்கை மடிந்தது போல ஒடிந்திருந்தால் கீழே வைத்துவிட வேண்டும். அதை நேராக்குவது தேர்ந்த கைக்குத்தான் வரும். பல் மழுங்கியிருப்பது குறையே இல்லை. முக்கோண அரமும் ஒரு மணி நேரமும் போதும். கைப்பிடிக்கு அருகே தகட்டில் ஓர் எண் பொறித்திருக்கும், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல்முனை என்பது. இதில் 8. மரத்தைக் குறுக்கே அறுக்க ஏற்றது. நீளவாக்கில் கிழிப்பதற்கு ஐந்து, ஐந்தரை.

ஒரு எச்சரிக்கை: கைப்பிடியின் பித்தளைப் பதக்கத்தில் கழுகுச் சின்னமும் 'வாரன்டட் சுப்பீரியர்' என்ற வாசகமும் மட்டும் இருந்தால் அதை வைத்து யார் செய்தது என்று சொல்ல முடியாது. பல கம்பெனிகள் அந்தப் பதக்கத்தைப் போட்டன. தகட்டைச் சுத்தம் செய்யும்போது கையில் நேராக உப்புத்தாளைப் பிடித்துத் தேய்க்கக் கூடாது; தட்டையான கட்டையில் சுற்றி, எண்ணெய் விட்டு, ஒரே வாக்கில் போக வேண்டும். அமிலத்தால் அரித்து எழுதிய கம்பெனி முத்திரை துருவுக்கு அடியில் இருக்கும். அன்று தம்பியே தேய்த்தான். பத்து நிமிஷத்தில் சாம்பல் நிறத் தகட்டில் மங்கலாக ஒரு 'டி' தெரிந்தது; பிறகு வரிசையாக மற்ற எழுத்துகள். அதோடு நிறுத்தச் சொன்னேன். இன்னும் தேய்த்தால் அதுவும் போய்விடும்.

பழைய ரம்பங்களின் மேல்விளிம்பில், நுனிப்பக்கம் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். எதற்கு என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். டிஸ்டன் கம்பெனியே, அது வெறும் அலங்காரம், ஒரு பயனும் கிடையாது என்று தன் கையேட்டில் அச்சடித்திருந்தது. எனக்கு அந்தப் பதில் போதும்.

துரப்பண அலகுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்டில் 8 என்றிருந்தால் 16இல் 8 பங்கு, அதாவது அரை அங்குலத் துளை; 4 என்றால் கால் அங்குலம். முனையில் இருக்கும் பொடித் திருகு மழுங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் அலகை மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போவது.

"விலை பேசலாமா அண்ணா?" என்று கேட்டான். பேசலாம், தப்பில்லை. மூன்று பொருள் சேர்த்து எடுத்தால் அவர்களே குறைப்பார்கள். ஆனால் ஒன்றில் நான் கண்டிப்பு. ஸ்டான்லி முதலாம் நம்பர் என்று ஐந்தரை அங்குலத்தில் ஒரு குட்டி இழைப்புளி உண்டு. சேகரிப்பவர்கள் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுப்பார்கள். கணவரை இழந்த ஒரு அம்மாள் அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து மூன்று டாலருக்கு வைத்திருந்தால், வாங்கிக்கொண்டு காருக்கு ஓடக் கூடாது. இது இன்ன பொருள், இன்ன விலை போகும் என்று சொல்லிவிட வேண்டும். இதுவரை முதலாம் நம்பர் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் ஓர் அளவுகோல் பெட்டி விஷயத்தில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதை வைத்திருந்த அம்மாள் விற்காமல் பேரனுக்கு எடுத்து வைத்தார். பதிலுக்கு, சுவரில் கணவர் கருவிகளை மாட்டியிருந்த விதத்தைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஒவ்வொரு ஆணிக்கும் பின்னால், எந்தக் கருவி எங்கே என்று பென்சிலால் அதன் உருவம் வரைந்திருந்தது. கருவிகள் போய்விட்டன, கோடுகள் இருந்தன.

மணி பன்னிரண்டானது. பைன் சுருள்களை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டான், மகளிடம் காட்டவாம். எப்போது போகலாம் என்று கேட்டான். அடுத்த சனிக்கிழமை காலை ஆறரைக்கு வரச் சொன்னேன். வியாழன் சாயங்காலமே தெருமுனைக் கம்பங்களில் அட்டை கட்டிவிடுவார்கள், பார்த்து வைத்துக்கொள். ஒரு சின்ன டார்ச், ஒரு டூத்பிரஷ், ஒரு டாலர் நோட்டுகளாகக் கொஞ்சம் பணம் போதும். போனதும் வெளியே மேசையில் இருப்பதைப் பார்க்காமல் நேராக கராஜின் பின்சுவருக்குப் போ. அங்கே ஒன்றும் இல்லையென்றால், "பழைய கருவி ஏதாவது உள்ளே இருக்கிறதா?" என்று கேள். பாதி வீடுகளில், "இருக்கு, யாரு வாங்கப் போறாங்கன்னு எடுத்து வைக்கலை" என்பார்கள்.